பத்து நிமிடச் சுரங்கங்கள்: வலையமைப்பு பயிலும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



இணையத்தில் செல்லும் ஒவ்வொரு ஐபி பொதியின் தலைப்பகுதியிலும் அனுப்புநரின் முகவரியும் பெறுநரின் முகவரியும் வெளிப்படையாக இருக்கின்றன. உள்ளடக்கத்தை எவ்வளவு வலுவாக மறையாக்கம் செய்தாலும் இந்த இரண்டும் மறைவதில்லை. மறைத்தால் பொதியோ அதற்கான பதிலோ போய்ச் சேராது. யார், யாரோடு, எப்போது, எவ்வளவு நேரம் தொடர்பில் இருந்தார் என்பது இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்கும் வழியில் உள்ளவர்களுக்கும் தெரியும். உள்ளடக்கத்தைவிட இந்தத் தகவல் பல வேளைகளில் ஆபத்தானது. ஊழல் ஆவணத்தைச் செய்தியாளரிடம் கொடுத்தவர் என்ன எழுதினார் என்று யாரும் படிக்க வேண்டியதில்லை. அந்தச் செய்தியாளரின் சர்வரோடு அவர் தொடர்பு கொண்டார் என்று தெரிந்தாலே போதும், வேலை போகும். சில நாடுகளில் உயிரே போகும். பெயர் மறைப்பு வலையமைப்புகள் தீர்க்க முயல்வது இந்தச் சிக்கலைத்தான். அவற்றுள், பங்கேற்பவர்களே ஒருவருக்கொருவர் போக்குவரத்தைச் சுமக்கும் ஐ2பி என்ற வலையமைப்பு தன் சுரங்கங்களை எப்படி அமைக்கிறது என்பதே இம்மடலின் பொருள்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு தெளிவான விடையை டேவிட் சாம் 1981-இல், மின்னஞ்சலை முன்வைத்துக் கொடுத்தார். செய்தியைப் பல இடையாட்கள் வழியே, ஆளுக்கொரு மறையாக்க அடுக்கு வைத்து அனுப்பினால், அவர்களில் யாருக்கும் இரு முனைகளும் சேர்ந்து தெரியாது என்றார் அவர். 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் கோல்ட்ஷ்லாக், ரீட், சைவர்சன் ஆகியோர் இதை உடனடித் தொடர்புக்கு ஏற்றபடி மாற்றி ‘வெங்காய’ வழிசெலுத்தலை உருவாக்கினார்கள். டார் என்ற பெயர் மறைப்பு வலையமைப்பு அதிலிருந்து வந்தது. ஐ2பி 2003-இல் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் அதை முன்னின்று நடத்தியவர் ஜேரேண்டம் என்ற புனைபெயரில் மட்டுமே அறியப்பட்டவர். அவர் விலகிய பிறகும் திட்டம் தொடர்ந்தது. முதல் மென்பொருள் ஜாவாவில் எழுதப்பட்டது. பின்னர் சி++ மொழியில் ஐ2பிடி என்ற இன்னொன்றும் வந்தது. இரண்டும் ஒரே நெறிமுறையைப் பேசுகின்றன.

டாரில் பெரும்பாலான பயனர்கள் வாடிக்கையாளர்கள் மட்டுமே. சில ஆயிரம் தன்னார்வலர்கள் இடைநிலையங்களை நடத்துகிறார்கள். அந்த நிலையங்களின் பட்டியலை விரல்விட்டு எண்ணக்கூடிய சில நம்பகமான சர்வர்கள் கூடி முடிவுசெய்து வெளியிடுகின்றன. ஐ2பியில் அப்படிப்பட்ட பட்டியல் சர்வர்கள் கிடையாது. மென்பொருளை நிறுவுபவரின் கணினியே ஒரு ரூட்டர். இந்த மடலில் ரூட்டர் என்று வருவதெல்லாம் வீட்டில் விளக்கு மினுக்கும் பெட்டியை அல்ல, இந்த மென்பொருளையே குறிக்கும். ஜாவா பதிப்பின் இயல்பமைப்பில், ஒருவர் ஒதுக்கும் அலைக்கற்றையில் 80 விழுக்காடு வரை மற்றவர்களின் போக்குவரத்துக்குப் போகலாம். இதைத் தாராள மனம் என்று மட்டும் பார்ப்பது போதாது. ஒரு கணினியிலிருந்து வெளியேறும் தரவு அதன் உரிமையாளருடையதா, அவர் வேறு யாருக்காகவோ சுமப்பதா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பிரித்தறிவது கடினமாகிறது. பிறருக்குச் சுமப்பதே தனக்கு மறைவு.

சுரங்கம் என்பது கேபிளும் அல்ல, நிலையான இணைப்பும் அல்ல. அது சில ரூட்டர்கள் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒப்புக்கொண்ட ஓர் ஏற்பாடு: இந்த எண்ணோடு வரும் செய்தியை இந்தச் சாவியால் ஓர் அடுக்கு மறையாக்கு, அந்த எண்ணை ஒட்டி, அடுத்த ரூட்டரிடம் கொடு. அவ்வளவுதான். ஒவ்வொரு இடைநிலை ரூட்டருக்கும் தனக்கு முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் மட்டுமே தெரியும். சுரங்க எண்கூட ஒவ்வொரு தாவலிலும் மாறுகிறது; ஆகவே அடுத்தடுத்து இல்லாத இரு ரூட்டர்கள் கூட்டுச் சேர்ந்தாலும் எண்ணை ஒப்பிட்டு “இது ஒரே சுரங்கம்” என்று சொல்ல முடியாது. சுரங்கத்தின் ஆயுள் பத்து நிமிடம். அது முடிவதற்குள் புதியது கட்டப்பட்டு, பழையது கைவிடப்படுகிறது.

ஐ2பியின் சுரங்கங்கள் ஒருவழிப்பாதைகள். டாரின் தடம் போகவும் வரவும் ஒன்றே. ஐ2பியில் போவதற்கு வெளிச்செல் சுரங்கம், வருவதற்கு உள்வரு சுரங்கம் என்று தனித்தனி. வெளிச்செல் சுரங்கத்தில் நுழைவாயில் உரிமையாளரே. உள்வரு சுரங்கத்தில் முடிவிடம் உரிமையாளர். பயன்பாடுகளுக்கான சுரங்கம் வழக்கமாக உரிமையாளர் தவிர மூன்று ரூட்டர்கள் நீளம். ஒரு பக்கத்தைக் கேட்டுப் பெறுவதற்கு நான்கு சுரங்கங்கள் வேண்டும்: கேட்பவரின் வெளிச்செல், தருபவரின் உள்வரு, பிறகு தருபவரின் வெளிச்செல், கேட்பவரின் உள்வரு. ஆக, ஒரு போய்வரலில் பிறருடைய பன்னிரண்டு ரூட்டர்கள். ஐ2பி மெதுவாக இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இந்த ஒருவழி ஏற்பாடு நல்லதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கேள்வியைப் பார்ப்பவர் பதிலைப் பார்ப்பதில்லை. எனவே முழு உரையாடலைக் காண எதிரி இரண்டு மடங்கு இடங்களில் உட்கார வேண்டும் என்பது வடிவமைப்பாளர்களின் வாதம். போய்வரலில் கலந்துகொள்ளும் ரூட்டர்களின் எண்ணிக்கை கூடுவதால், அவற்றுள் ஒன்றாவது எதிரியுடையதாக இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது என்பது எதிர்வாதம். இரண்டாவது வாதத்தில் உள்ள கணக்கு உண்மையானது. பாடநூல்கள் முதல் வாதத்தை மட்டும் சொல்லி நகர்ந்துவிடக் கூடாது.

சுரங்கம் கட்டப்படும் விதத்தில்தான் இந்த வடிவமைப்பின் அழகு இருக்கிறது. உரிமையாளரின் ரூட்டர் முதலில் வழியில் வரப்போகும் மூவரைத் தேர்ந்தெடுக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டுமானப் பதிவு தயாராகிறது. அதில் செய்தி எந்த எண்ணோடு வரும், எந்த எண்ணோடு யாருக்கு அனுப்ப வேண்டும், அடுக்கு மறையாக்கத்துக்கான சாவிகள், பதிலை மூடுவதற்கான சாவி, அவர் நுழைவாயிலா முடிவிடமா என்ற குறி ஆகியவை இருக்கும். அந்தப் பதிவு உரியவரின் பொதுச்சாவியால் பூட்டப்படுகிறது. எல்லாப் பதிவுகளும் ஒரே செய்தியில் அடுக்கப்பட்டு, மீதியிடங்களில் அர்த்தமற்ற பைட்டுகள் நிரப்பப்பட்டு, முதல் ரூட்டரிடம் போகின்றன.

முதல் ரூட்டர் தன் அடையாளத்தின் ஹாஷின் முதல் 16 பைட்டுகளைக் கொண்டு தனக்கான பதிவைக் கண்டுபிடிக்கிறது. தன் தனிச்சாவியால் திறந்து படிக்கிறது. ஏற்கிறதோ மறுக்கிறதோ, அந்தப் பதிலைத் தன் பதிவின் இடத்திலேயே எழுதி, பதில் சாவியால் மூடுகிறது. மற்றப் பதிவுகள்மீதும் ஓர் அடுக்கு மறையாக்கம் போட்டு அடுத்தவருக்கு அனுப்புகிறது. மற்றப் பதிவுகளில் எது மெய், எது நிரப்பல் என்று அதற்குத் தெரியாது. சுரங்கம் எவ்வளவு நீளம் என்பதும் தெரியாது. அடுத்தடுத்த ரூட்டர்களும் இதையே செய்கின்றன; தமக்கு முந்தையவர் என்ன பதில் எழுதினார் என்பதை அவற்றால் படிக்க முடியாது. எல்லாப் பதில்களும் சேர்ந்து, உரிமையாளரின் வேறொரு சுரங்கம் வழியே திரும்பி வருகின்றன. ஒருவர் மறுத்திருந்தாலும் அந்த முயற்சி கைவிடப்பட்டு, வேறு ஆட்களோடு புதிதாகத் தொடங்கும். சுமை மிகுந்த ரூட்டர் மறுப்பது குற்றம் அல்ல. ஏற்றுக்கொண்டு பொதிகளைத் தவறவிடுவதைவிட மறுப்பது மேல்.

முந்தைய கட்டுமானச் செய்தியில் 528 பைட் பதிவுகள் எட்டு இருந்தன. மொத்தம் 4,224 பைட். அது 1,028 பைட் அளவுள்ள ஒரே சுரங்கச் செய்திக்குள் அடங்காது. துண்டுகளாகப் போகும்போது ஒரு துண்டு தொலைந்தாலும் கோரிக்கை வீண். 2021-இல், எல்காமல் மறையாக்கத்திலிருந்து எக்ஸ்25519 முறைக்கு மாறியதைத் தொடர்ந்து, பதிவின் அளவு 218 பைட்டாகச் சுருங்கியது. நான்கு பதிவுகள் சேர்ந்து 872 பைட். ஒரே செய்தியில் அடங்கிவிடும். மறையாக்க முறையைத் தேர்வது பாதுகாப்பு பற்றிய கேள்வி மட்டுமல்ல, பொதி அளவு பற்றிய கேள்வியும்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சுரங்கம் கட்டவே இன்னொரு சுரங்கம் தேவைப்படுகிறது என்பதைக் கவனித்தவருக்கு ஒரு கேள்வி எழும்: முதல் சுரங்கம் எப்படி வருகிறது? புதிதாக நிறுவப்பட்ட ரூட்டர், விதைச் சர்வர்கள் சிலவற்றிலிருந்து எச்டிடிபிஎஸ் வழியே சில ரூட்டர்களின் விவரங்களைப் பெறுகிறது. பிறகு நீளம் பூச்சியமான சுரங்கத்தை, அதாவது தன்னையே நுழைவாயிலும் முடிவிடமுமாகக் கொண்ட ஒன்றை வைத்து, முதல் கோரிக்கைகளை அனுப்புகிறது. அந்தச் சில நொடிகளுக்கு மறைவு எதுவும் இல்லை. மறைக்க வேண்டிய செய்தியும் அப்போது எதுவும் இல்லை.

கட்டி முடித்த சுரங்கத்தில் செல்லும் செய்திகள் எல்லாம் ஒரே அளவு: 1,028 பைட். அதில் 4 பைட் சுரங்க எண், 16 பைட் தொடக்கத் திசையன், மீதி 1,008 பைட் மறையாக்கப்பட்ட தரவு. சிறிய செய்தி என்றால் நிரப்பல் சேரும்; பெரிய செய்தி என்றால் துண்டுகளாகும். அளவைப் பார்த்து உள்ளடக்கத்தை ஊகிக்க இடம் தரக் கூடாது என்பது நோக்கம். ஒவ்வொரு ரூட்டரும் தொடக்கத் திசையனை ஒரு சாவியால் இருமுறையும், தரவை இன்னொரு சாவியால் ஒருமுறையும் ஏஇஎஸ்-256 கொண்டு மாற்றுகிறது. வந்த செய்தியையும் போகும் செய்தியையும் பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பொருத்த முடியாது. ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பி வழியைத் துப்பறிய முயன்றால், ரூட்டர் வைத்திருக்கும் புளூம் வடிகட்டி பழைய திசையனை அடையாளம் கண்டு அதைக் கழித்துவிடும்.

உள்வரு சுரங்கத்தில் நுழைவாயில் முதல் அடுக்கைப் போடுகிறது. ஒவ்வொருவரும் ஓர் அடுக்கைச் சேர்க்கிறார்கள். எல்லாச் சாவிகளும் வைத்திருக்கும் உரிமையாளர் கடைசியில் அத்தனையையும் அவிழ்க்கிறார். வெளிச்செல் சுரங்கத்தில் கடைசி ரூட்டரிடம் செய்தி அடுக்குகள் நீங்கி வர வேண்டும். அதற்காக உரிமையாளர் அனுப்புவதற்கு முன்பே மூன்று ரூட்டர்களின் சாவிகளாலும் மறைநீக்கச் செயலைச் செய்துவிடுகிறார். மறையாக்காத தரவின்மீது மறைநீக்கம் செய்தால் அதுவும் புரியாத பைட்டுகளாகவே தெரியும். பிறகு வழியில் ஒவ்வொரு ரூட்டரும் வழக்கம்போல மறையாக்கம் செய்யும்போது, ஓர் அடுக்கு சரியாகிறது. முடிவிடத்தில் செய்தி தெளிவாகிறது. இதனால் இடைநிலை ரூட்டர் இரண்டு வகைச் சுரங்கத்திலும் ஒரே செயலைத்தான் செய்கிறது. தான் இருப்பது உள்வரு சுரங்கமா வெளிச்செல் சுரங்கமா என்பதுகூட அதற்குத் தெரியாது. தனக்கு முன்னால் இருப்பவர் செய்தியை உருவாக்கியவரா, அவரும் தன்னைப்போலச் சுமப்பவர்தானா என்பதும் தெரியாது.

இந்தச் சுரங்கங்கள் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். அதற்கு ஐ2பி இரண்டு வகை அடையாளங்களை வைத்திருக்கிறது. மாணவர்கள் மற்ற எதை மறந்தாலும் இந்த ஒன்றை மறக்கக் கூடாது. ரூட்டருக்கு ஓர் அடையாளம் உண்டு. அதன் ஐபி முகவரியும் பொதுச்சாவிகளும் பொதுவில் வெளியிடப்படுகின்றன. ஐ2பிக்குள் நடக்கும் ஒரு தளத்துக்கோ அரட்டைச் சேவைக்கோ வேறோர் அடையாளம் உண்டு, அது சேரிடம். சேரிடத்துக்கு ஐபி முகவரி இல்லை. அதன் பெயரில் வெளியாவது, அதை அடைய உதவும் உள்வரு சுரங்கங்களின் நுழைவாயில் ரூட்டர்கள், அவற்றின் சுரங்க எண்கள், அவை காலாவதியாகும் நேரம் ஆகியவை அடங்கிய குத்தகைத் தொகுப்பு மட்டுமே. ரூட்டரும் பொதுவில் இருக்கிறது, சேரிடமும் பொதுவில் இருக்கிறது. எந்தச் சேரிடம் எந்த ரூட்டரில் குடியிருக்கிறது என்பது ஒன்றே ரகசியம். இதுவரை சொன்ன சாவிகளும் அடுக்குகளும் எல்லாம் அந்த ஒரே ரகசியத்தைக் காப்பதற்காக.

இந்த இரண்டு வகை விவரங்களும் நெட்டிபி என்ற பகிர்ந்த தரவுத்தளத்தில் இருக்கின்றன. ஃபிளட்ஃபில் என்று அழைக்கப்படும், அலைக்கற்றை மிகுந்த சில ரூட்டர்கள் அதைச் சுமக்கின்றன. எந்த விவரம் யாரிடம் என்பதைக் கடெம்லியா முறையில், ஹாஷ்களுக்கிடையேயான எக்ஸார் தொலைவு தீர்மானிக்கிறது. ஒருவர் குறிப்பிட்ட சேரிடத்துக்கு மிக அருகில் விழும் ஹாஷைத் தேடி உருவாக்கி, அந்தச் சேரிடத்தின் விவரங்களை முடக்கப் பார்க்கலாம். அதைக் கடினமாக்க, ஹாஷோடு அன்றைய தேதியும் சேர்த்து மீண்டும் ஹாஷ் செய்யப்படுகிறது. உலகப் பொதுநேரப்படி நள்ளிரவில் எல்லாருடைய இருப்பிடமும் மாறிவிடும். முந்தைய நாள் பிடித்த இடம் மறுநாள் பயன்படாது.

சுரங்க அடுக்குகளுக்கு உள்ளே, அனுப்புநருக்கும் சேரிடத்துக்கும் இடையில் இன்னொரு மறையாக்கம் இருக்கிறது. இல்லாவிட்டால் வெளிச்செல் சுரங்கத்தின் முடிவிடமும் உள்வரு சுரங்கத்தின் நுழைவாயிலும் செய்தியைப் படித்துவிடும். இந்த உள் உறைக்குள் பல செய்திகள் ஒன்றாகக் கட்டப்படலாம். ஒவ்வொன்றும் தனக்கான விநியோகக் குறிப்போடு இருக்கும். அதனால்தான் இதற்குப் பூண்டு என்று பெயர், உள்ளே இருப்பவை பற்கள். மைக்கேல் ஃப்ரீட்மன் வைத்த பெயர் அது. ரோஜர் டிங்கிள்டைன் 2000-இல் எழுதிய ஆய்வேட்டில் பதிவாகியிருக்கிறது. ஒரு பல்லில் அனுப்ப வேண்டிய தரவு, இன்னொன்றில் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகைச் செய்தி, மற்றொன்றில் அனுப்புநரின் குத்தகைத் தொகுப்பு என்று சேர்த்து அனுப்புவது வழக்கம். தொகுப்பைக் கூடவே அனுப்பிவிட்டால், பதில் எழுதுபவர் நெட்டிபியில் தேடி அலைய வேண்டியதில்லை.

சுரங்கத்துக்கு ஆட்களைத் தேர்வது கண்ணை மூடிக்கொண்டு நடப்பதல்ல. ஒவ்வொரு ரூட்டரும் தான் பழகிய மற்ற ரூட்டர்களைப் பற்றி, வேகம் எப்படி, கோரிக்கைகளை எவ்வளவு ஏற்கின்றன என்று கணக்கு வைத்திருக்கிறது. யாரிடமும் விசாரித்து அல்ல, தன் சுரங்கங்களின் அனுபவத்திலிருந்தே அந்தக் கணக்கு வருகிறது. வேகமானவர்களின் குழுவிலிருந்து பயன்பாட்டுச் சுரங்கங்களுக்கு ஆள் எடுக்கிறது. தேடலுக்கும் கட்டுமானத்துக்குமான ஆய்வுச் சுரங்கங்களுக்கு இன்னும் பரந்த வட்டத்திலிருந்து எடுக்கிறது. ஐபி முகவரியின் முதல் இரண்டு பகுதிகள் ஒன்றாக உள்ள இருவரை ஒரே சுரங்கத்தில் சேர்ப்பதில்லை. தேர்ந்தவர்களை வரிசைப்படுத்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு. வரிசை ஒவ்வொரு முறையும் தாறுமாறாக மாறினால், பல சுரங்கங்களில் இடம்பிடித்த எதிரி தனக்கு முன்னால் அடிக்கடி வருபவரை எண்ணிப் பார்த்தே உரிமையாளரை ஊகித்துவிடலாம். அதனால் ரகசியமான ஒரு சாவிக்கும் ரூட்டர்களுக்கும் உள்ள எக்ஸார் தொலைவை வைத்து வரிசை நிலையாக வைக்கப்படுகிறது.

வேகத்தை வைத்துத் தேர்வதிலேயே ஓர் ஓட்டை இருந்தது. மைக்கேல் ஹெர்மனும் கிறிஸ்டியன் குரோத்தாஃபும் 2011-இல் அதை நடைமுறையில் காட்டினார்கள். ஒருவர் பயன்படுத்தும் வேகமான ரூட்டர்களைத் தாக்கி மந்தமாக்கினால், அவருடைய ரூட்டர் வேறு வேகமான ஆட்களைத் தேடும். அங்கே எதிரியின் வேகமான ரூட்டர்கள் காத்திருக்கும். அனுபவத்திலிருந்து கற்கும் எந்த அமைப்புக்கும், அந்த அனுபவத்தை எதிரி ஜோடிக்க முடியும் என்ற ஆபத்து உண்டு.

சுரங்கங்கள் எதை மறைக்காது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஐ2பியைப் பயன்படுத்துகிறார் என்பதே மறைவதில்லை. ரூட்டரின் ஐபி முகவரி நெட்டிபியில் இருக்கிறது. பட்டியல் எடுக்க விரும்புபவர் எடுத்துவிடலாம். 2018-இல் நுயென் ஃபாங் ஹோவாங் குழுவினர் வெளியிட்ட ஆய்வு நாளொன்றுக்குச் சுமார் 32,000 ரூட்டர்கள் இயங்குவதாக மதிப்பிட்டது. பத்து ரூட்டர்களை மட்டும் நடத்தும் தணிக்கையாளரால், நிலையான ஒரு பயனர் அறிந்த ஐபி முகவரிகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் தடுக்க முடியும் என்றும் அது காட்டியது. மறைவும் தடை மீறலும் வேறு வேறு நோக்கங்கள். ஒன்றில் வலுவானது மற்றொன்றில் பலவீனமாக இருக்கலாம். பேச்சுரிமை நெருக்கப்படும் நாடுகளுக்கு, பிறருடைய சுரங்கத்தில் பங்கேற்காத மறைமுறை ஒன்றும் இருக்கிறது.

இரு முனைகளையும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய எதிரிக்கு நேர ஒப்பீடு போதும். இங்கே ஒரு வெடிப்பாகத் தரவு கிளம்புகிறது, அங்கே சற்று நேரத்தில் அதே அளவு போய்ச் சேர்கிறது என்று பல முறை கண்டால், எத்தனை அடுக்கு இருந்தாலும் தொடர்பு புலப்படும். செய்திகளை வேண்டுமென்றே தாமதித்துக் கலக்கினால் இதைத் தடுக்கலாம். ஆனால் உலாவலும் அரட்டையும் அந்தத் தாமதத்தைத் தாங்காது. ஐ2பி வேகத்தின் பக்கம் நின்றது, அந்த விலையைத் தெரிந்தே கொடுத்தது. எதிரிக்கு இன்னொரு வழி, நீண்டகால வருகைப் பதிவு: ஒரு தளம் இயங்கும் நேரங்களையும் ரூட்டர்கள் இயங்கும் நேரங்களையும் மாதக்கணக்கில் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை நீக்கிக்கொண்டே போனால் பட்டியல் சுருங்கும். ஒரு ரூட்டர் இடைவிடாமல் இயங்குவது தன் உரிமையாளருக்குச் செய்யும் நன்மை இங்கே இருக்கிறது. உலாவியில் தன் சொந்தப் பெயரில் உள்நுழைபவரை எந்தச் சுரங்கமும் காப்பாற்றாது. அது இந்த அடுக்கின் வேலையும் அல்ல.

ஐ2பியின் நெறிமுறைகள் முழுவதும் பொதுவில் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன; தாக்குதல் மாதிரிகள் பற்றிய பகுதியும் அவற்றோடு இருக்கிறது. வலையமைப்புப் பாடத்தில் டிசிபியையும் பிஜிபியையும் படிக்கும் மாணவர்கள் சுரங்கக் கட்டுமான ஆவணத்தையும் ஒருமுறை வரிக்கு வரி படிக்க வேண்டும். சட்டமும் சூழலும் இடம் தரும் நாட்டில் இருப்பவர்கள் ஒரு ரூட்டரை நிறுவி, தொடர்ந்து ஓடவிட்டு, பிறருடைய எத்தனை சுரங்கங்களை அது சுமக்கிறது என்று பாருங்கள். அதை நிறுத்த வேண்டி வந்தால் உடனே அணைக்காதீர்கள். மெல்ல நிறுத்தும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் ரூட்டர் புதிய சுரங்கங்களை ஏற்காமல், ஏற்றுக்கொண்டவை காலாவதியாகும்வரை ஏறக்குறைய பத்து நிமிடம் காத்திருந்து பிறகு நிற்கும். அந்தப் பத்து நிமிடத்தை, யாரென்று தெரியாத அந்தப் பயனர்களுக்குக் கொடுங்கள்.